ஹோல்ஸ்டன்டோர் சாய்ந்து நிற்பது குண்டுவீச்சாலா?

ஒரு வாசகரின் கேள்வி: பிப்ரவரி 9, 2024

ஜெர்மனியில் லூபெக் நகரத்து வாசல் கோபுரத்தைச் சென்ற வாரம் பார்த்தேன். இரட்டைக் கோபுரங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குச் சாய்ந்திருக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்த அதிர்ச்சியில் சாய்ந்தவை என்று உடன் வந்தவர் சொன்னார். உண்மையா?

பெப்ரவரி 9, இரவு

இல்லை. குண்டு காரணமில்லை, சேறுதான் காரணம்.

கட்டி முடிவதற்கு முன்பே சாயத் தொடங்கிய கோபுரம் அது. டிராவே ஆற்றங்கரைச் சதுப்பு நிலத்தில் மண் கொட்டி ஏழு மீட்டர் உயரத்துக்கு மேடு போட்டு, அந்த மேட்டின்மேல் கட்டினார்கள். வேலையை 1464இல் தொடங்கியவர் ஹின்ரிக் ஹெல்ம்ஸ்டெடெ, நகரத்தின் கட்டடத் தலைவர். செங்கல் ஏற ஏற அடிமண் அமுங்கியது. தெற்குக் கோபுரம் பாதி வேலையிலேயே ஒரு பக்கமாக இறங்கிவிட்டது. மேலே போகும்போது அதைச் சரிக்கட்டப் பார்த்தார்கள், முழுக்க முடியவில்லை. 1477இல் வேலை முடிந்தது.

குண்டுவீச்சு நடந்தது வேறு கதை. 1942 மார்ச் 28, குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தைய இரவு. பழைய நகரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அழிந்தது, 300க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மரியன்னை தேவாலயத்துத் தெற்குக் கோபுரத்திலிருந்து விழுந்த மணிகள் உடைந்த கோலத்திலேயே இன்றும் தரையில் கிடக்கின்றன. லூபெக்கில் குண்டுவீச்சின் தடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அங்கே போகவேண்டும். ஹோல்ஸ்டன்டோர் அந்த இரவைத் தாண்டி வந்துவிட்டது.

பெப்ரவரி 10

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். வேலை முடிந்த ஆண்டு 1478. நான் 1477 என்று எழுதியதற்குக் காரணம் அந்த வாசலேதான்! நகரத்தை நோக்கிய பக்கத்தில், வளைவுக்கு மேலே பொன்னெழுத்தில் 1477 என்றும் 1871 என்றும் இரண்டு ஆண்டுகளைப் பொறித்திருக்கிறார்கள். நடுவில் எஸ், பி, க்யூ, எல் என்று நான்கு எழுத்து. ரோமாபுரியின் 'செனட்டும் மக்களும்' என்ற முத்திரை வாசகத்தில் ரோமுக்குப் பதில் லூபெக்கைப் போட்டுக்கொண்டது. 1871இல் பெரிய மராமத்து முடிந்தபோது பொறித்தவை. கட்டி முடித்தது 1477 என்று அப்போது நம்பினார்கள். பிறகு ஓராண்டு பிசகு தெரியவந்தது, ஆனால் எழுத்தை யாரும் மாற்றவில்லை.

கட்டடத்தின் நெற்றியில் எழுதியிருப்பதை அப்படியே நம்பிவிடுகிறோம். முப்பது வருடமாக நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

பெப்ரவரி 11

'இவ்வளவு விவரம் உங்களுக்கு எப்படித் தெரியும், அங்கே வேலை செய்கிறீர்களா' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வேலை செய்யவில்லை. அந்த வாசலை நேரில் பார்ப்பதற்கு முன்பே பல வருடம் சட்டைப்பையில் வைத்திருந்தேன்.

ஜேர்மனியின் பழைய 50 மார்க் காசுத் தாளின் பின்பக்கத்தில் இருந்த படம் ஹோல்ஸ்டன்டோர்தான். அறுபதுகளில் வந்த தாள், 1991இல் புதிய வரிசைத் தாள் வரும்வரை அதுதான் கைக்குக் கை மாறியது. பழுப்பு நிறம்.

நான் 1984இல் ஹம்பேர்க்குக்கு வந்தேன். புகலிடம் கேட்டு வந்தவர்களுக்கு முதல் இரண்டு வருடம் வேலை செய்ய அனுமதியில்லை. 1986இல் அனுமதி கிடைத்து ஓர் உணவகத்தின் சமையலறையில் கோப்பை கழுவப் போனேன். முதல் மாதச் சம்பளத்தைக் கடித உறையில் போட்டுத் தந்தார்கள். திறந்தால் பழுப்பு நிறத் தாள்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் கூம்புத் தொப்பி போட்ட இரண்டு தடித்த கோபுரங்கள், நடுவில் ஒரு வளைவு. அரண்மனை என்று நினைத்தேன். கூட வேலை செய்த ஒருவர்தான் சொன்னார்: "அது லூபெக். இங்கிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம்."

முக்கால் மணி நேரம்தான், ஆனால் போக முடியவில்லை. புகலிடக் கோரிக்கைக்கு முடிவு வரும்வரை ஒதுக்கிய எல்லையைத் தாண்டி அனுமதியின்றிப் போகக்கூடாது என்பது அன்றைய சட்டம். லூபெக் வேறு மாநிலம். அந்தத் தாள்களை மாற்றி ஊருக்குக் காசு அனுப்பினேன், வாடகை கொடுத்தேன், குளிருக்குச் சப்பாத்து வாங்கினேன். கதவின் படம் என் கைவழியாக எங்கெல்லாமோ போனது. கதவு இருந்த ஊருக்கு என்னால் போக முடியவில்லை.

முடிவு 1989 கடைசியில் வந்தது. 1990 வசந்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடைதான். மரங்களுக்கு இடையே அது தெரிந்ததும் முதலில் தோன்றியது: ஐயோ, இது சரிந்திருக்கிறதே! தாளில் எனக்கு அது தெரியவே இல்லை.

பெப்ரவரி 11, பிறகு

சரிவைப் பற்றி இன்னும் சொல்ல இருக்கிறது.

எங்கள் ஐயா மேசன். கட்டுகிற சுவர் அமுங்கினால் என்ன செய்வார்கள் என்பது சிறுவயதிலேயே எனக்குத் தெரியும். இறங்கிய பக்கத்தில் சாந்தைத் தடிப்பாக வைத்து அடுத்த வரியை மட்டத்துக்குக் கொண்டுவருவார்கள். அதற்கு மேலே தூக்குக் குண்டு விட்டுப் பார்த்து நேராகக் கட்டுவார்கள். பிறகு அடி மேலும் இறங்கினால், நேராகக் கட்டிய பகுதியும் சேர்ந்து சாயும். அதையும் சரிக்கட்டினால் சுவர் மெல்ல வளைந்துவிடும். "மண் இருந்து முடிஞ்ச பிறகுதான் மட்டம் பார்க்கவேணும்" என்பார் ஐயா. மண்ணுக்கு உட்காருவதற்கு ஒரு மழைக்காலமாவது கொடுக்கவேண்டும் என்பது அவர் கணக்கு.

ஹெல்ம்ஸ்டெடெ பதினான்கு வருடம் எடுத்துக்கொண்டார். அந்தச் சதுப்புக்கு அதுவும் போதவில்லை. அவர் மீது எனக்குப் பரிவு உண்டு. நகரத்தின் முகமாக நிற்கப்போகிற கட்டடம் கண்முன்னே இறங்குகிறது. இடித்துவிட்டுத் திரும்பத் தொடங்க முடியாது. கிடைத்த சாந்தாலும் செங்கல்லாலும் அடுத்த வரியைத் திருத்தியபடியே மேலே போயிருக்கிறார். அந்த முயற்சியின் உருவம்தான் இன்று நாம் பார்ப்பது.

சாய்வு மேலும் கூடாமல் இரும்பால் பிணைத்து நிறுத்தியது 1933-34 மராமத்தில். ஆக, சுமார் 450 வருடம் எந்தப் பிணைப்பும் இல்லாமல் நின்றிருக்கிறது.

பெப்ரவரி 13

கல் கிடைக்காமலா செங்கல்லில் கட்டினார்கள் என்ற கேள்விக்கு: ஆம். வட ஜேர்மனியில், பால்டிக் கரையோரத்தில், செதுக்கிக் கட்ட ஏற்ற கல் கிடையாது. களிமண் நிறைய உண்டு. பிரான்சில் சுண்ணாம்புக்கல்லில் செதுக்கிய கோதிக் என்ற கூர்வளைவுக் கட்டடப் பாணியை இவர்கள் செங்கல்லில் செய்தார்கள். இலை, கொடி, சிலை என்று செங்கல்லைச் செதுக்க முடியாது. அச்சில் வார்த்துச் சுடவேண்டும். எனவே அழகு, அடுக்கிலும் வரிசையிலும் வளைவிலும் வந்தது. ஒரே மாதிரிக் கூர்வளைவு மாடங்கள் அடுத்தடுத்து வருவதைப் பாருங்கள். மேசன் வீட்டுப் பிள்ளையாக எனக்குக் கல் கோதிக்கைவிட இதுதான் நெருக்கம்.

பெப்ரவரி 14

சுவரின் தடிப்பைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். ஊருக்கு வெளியே பார்த்த பக்கத்தில் மூன்றரை மீட்டர். ஊரைப் பார்த்த பக்கத்தில் ஒரு மீட்டர்கூட இல்லை.

செங்கல்லை மிச்சம் பிடித்தார்கள் என்று மட்டும் இதைக் கொள்ள முடியாது. வாசல் பகைவர் கையில் விழுந்துவிட்டால், அதே கோபுரம் ஊருக்கு எதிரான கோட்டையாகிவிடும். ஊர்ப்பக்கம் மெல்லிய சுவராக இருந்தால் உள்ளேயிருந்து சுலபமாக உடைத்து மீட்கலாம் என்பது ஒரு விளக்கம். காவற்காரனையே முழுதாக நம்பாத ஏற்பாடு.

முகமும் அப்படியே. வெளிப்பக்கம் இறுக்கமாக, சிறிய துளைகளோடு, பீரங்கிக் குழாய் நீட்ட இடம்விட்டு நிற்கிறது. ஊர்ப்பக்கம் வரிசை வரிசையாக சன்னல்கள். வருகிறவனுக்கு ஒரு முகம், வீட்டு ஆட்களுக்கு ஒரு முகம். ஒவ்வொரு கோபுரத்திலும் தரைத்தளத்திலும் அதற்கு மேலேயும் பீரங்கி அறைகள். கீழ்வரிசைத் துளைகள் இன்று தெருமட்டத்துக்கு ஏறக்குறைய அரை மீட்டர் கீழே போய்விட்டன. ஐந்நூறு வருடத்தில் சுற்றியுள்ள தரை அவ்வளவு உயர்ந்திருக்கிறது. மேல்மாடியிலிருந்து கொதிநீரோ உருக்கிய கீலோ ஊற்றச் சிறிய திறப்புகளும் வைத்திருந்தார்கள்.

எனக்கு மிகப் பிடித்தது வேறொன்று. நடைவழியில் இப்போது தொங்குகிற இரும்புத் தட்டிக்கதவு பழையது அல்ல, 1934இல் மாட்டியது. முதலில் அங்கே இருந்த பொறிக்கு 'ஆர்கன்' என்று பெயர், தேவாலயத்தில் வாசிக்கிற குழல் வாத்தியத்தின் பெயர்தான். ஒரே சட்டமாக இல்லாமல் தனித்தனி இரும்புத் தண்டுகள் வரிசையாகத் தொங்கும். ஒவ்வொன்றையும் தனியாக இறக்கலாம். ஒன்றிரண்டை மட்டும் இறக்கிவிட்டால் வண்டி போக முடியாது, ஆள் மட்டும் இடுக்கால் நுழையலாம். கடைசி ஆள் உள்ளே வந்ததும் மீதியையும் இறக்கிவிடலாம்.

முழுக்கத் திறந்ததும் இல்லை, முழுக்க மூடியதும் இல்லை என்று இடையில் ஒரு நிலை. அதை யோசித்தவர் நல்ல மனிதராகத்தான் இருந்திருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

பெப்ரவரி 15

ஒருவர், அது நடுவாசல், மற்ற வாசல்கள் எங்கே என்கிறார். நல்ல கேள்வி, முன்பே சொல்லியிருக்கவேண்டும்.

பழைய லூபெக் தண்ணீர் சூழ்ந்த மேடு. ஒரு பக்கம் டிராவே, மறுபக்கம் வாகெனிட்ஸ். ஹோல்ஸ்டைன் நாட்டுப் பக்கம் போகிற மேற்குப் பாதையில் இருந்ததால் ஹோல்ஸ்டன்டோர், ஹோல்ஸ்டைன்காரர் வாசல். ஹம்பேர்க் போகிற பாதையும் அதுதான். அந்த ஒரே பாதையில் காலப்போக்கில் ஒன்றன்பின் ஒன்றாக நான்கு வாசல்கள் எழுந்தன. ஆற்றுப் பாலத்தோடு ஒட்டியது ஒன்று, அதற்கு வெளியே நம் இரட்டைக் கோபுரம், அதற்கும் வெளியே 1585இல் மறுமலர்ச்சிக்காலப் பாணியில் அலங்காரமாக ஒன்று, 17ஆம் நூற்றாண்டில் அரணோடு சேர்த்து இன்னொன்று. 1585 வாசல் மிக அருகில் முன்னால் வந்து நின்றபோது நம் வாசலின் முகம் மறைந்தே போனது. வெளியூர்க்காரன் கண்ணில் முதலில் பட்டது புதியதுதான்.

இன்று நான்கில் ஒன்றே ஒன்று மிச்சம், நடுவில் இருந்தது.

மேற்கு முகத்தில் பொன்னெழுத்தில் இருக்கிற லத்தீன் வாசகம், 'உள்ளே ஒற்றுமை, வெளியே சமாதானம்', இந்த வாசலுடையதே அல்ல. இடிபட்ட 1585 வாசலில் இருந்த நீண்ட வாசகத்தைச் சுருக்கி 1871இல் இங்கே போட்டார்கள். பழையது 'வெளியே சமாதானமும் உள்ளே ஒற்றுமையும் அழகிய விஷயம்' என்று ஓடும். சுருக்கியதில் 'அழகிய' என்ற சொல் விழுந்துவிட்டது. எனக்கு அந்தச் சொல்தான் முக்கியமாகப்படுகிறது.

பெப்ரவரி 17

இடிப்புக்கு வருகிறேன். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

1851இல் லூபெக்குக்கு ரயில் வந்தது. முதல் நிலையம் இந்த வாசலுக்குப் பக்கத்திலேயே. 1853இல் முன்னால் நின்ற 1585 வாசலை இடித்தார்கள். மறைப்புப் போனதும் பின்னால் இருந்த பழைய இரட்டைக் கோபுரம் வெளியே தெரிந்தது. அழுக்கு, சாய்வு, சிதைவு. இதையும் இடி என்று 1855இல் மனுப் போட்டார்கள். கையெழுத்திட்டவர்கள் 683 பேர்! தங்கள் ஊரின் வாசலை இடிக்கச் சொல்லி 683 பேர்.

எதிர்த்தவர்களும் இருந்தார்கள். பிரஷ்யாவின் தொல்பொருள் பாதுகாவலர் ஃபெர்டினாண்ட் ஃபான் குவாஸ்ட் அவர்களில் ஒருவர். இழுபறி பல வருடம் நடந்தது. கடைசியில் 1863இல் நகர மன்றத்தில் வாக்கெடுப்பு. ஒரு வாக்கு வித்தியாசத்தில், ஒரே ஒரு வாக்கு, இடிக்கவேண்டாம், பழுதுபார்ப்போம் என்று முடிவானது.

1961இல் அச்சில் ஏறிய காசுத் தாளையும், 2006இல் வந்த இரண்டு யூரோ நாணயத்தையும், இந்த வாசலின் படம் போட்ட மார்சிபான் என்ற பாதாம் இனிப்புப் பெட்டிகளையும் நினைத்துப் பாருங்கள். எல்லாம் அந்த ஒரு கையில் தொங்கியிருக்கிறது. அந்த 683 பேரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பெப்ரவரி 18

திருத்தம்: தாளை 1961 என்று எழுதிவிட்டேன், புழக்கத்துக்கு வந்தது 1962.

பெப்ரவரி 20

683 பேரைப் பற்றி எழுதியது மூன்று நாளாக உறுத்துகிறது. திரும்ப யோசித்தேன்.

1855இன் லூபெக்கை எண்ணிப் பார்க்கிறேன். ஹன்சா வணிகக் கூட்டணியின் தலைமை நகரம் என்பது பழங்கதை. அந்தக் கூட்டணியின் கடைசி மாநாடு 1669இலேயே நடந்து முடிந்துவிட்டது. பிழைப்பு ரயிலைத்தான் நம்பியிருக்கிறது, சரக்கு இறங்க இடம் வேண்டும், நிலையத்தை விரிக்க வேண்டும். நடுவில் ஒரு சாய்ந்த செங்கல் குவியல், தலையில் எப்போது விழுமோ என்ற பயம். கையெழுத்திட்டவர்களில் வண்டிக்காரர் இருந்திருப்பார், மூட்டை தூக்குபவர் இருந்திருப்பார், கடை வைத்தவர் இருந்திருப்பார். அவர்களுக்கு அது வேலைக்குக் குறுக்கே நின்ற சுவர்.

நான் அதைக் காசுத் தாளில் பார்த்து வளர்ந்த காதலோடு பார்க்கிறேன். அந்தக் காதல் அவர்களுக்கு இருந்திருக்கவேண்டும் என்று நான் கேட்பது நியாயமில்லை. மன்னிக்க முடியவில்லை என்று எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இடித்திருந்தால் பெரிய இழப்பு என்பதை மட்டும் திரும்பப் பெறமாட்டேன்.

இன்னொன்றும் சேர்க்கவேண்டும். கட்டுவதற்கு முதற்காசு வந்த விதம் நெஞ்சைத் தொடுவது. 1463இல் யோஹான் ப்ரோலிங் என்ற நகர மன்ற உறுப்பினர் தன் உயிலில் 4,000 லூபெக் மார்க்கை இந்த வாசலுக்காக எழுதிவைத்தார். அடுத்த வருடம் வேலை தொடங்கியது. ஒருவர் விட்டுப்போன காசில் தொடங்கி, ஒருவர் போட்ட வாக்கில் பிழைத்திருக்கிறது.

பெப்ரவரி 22

'எப்போதாவது சண்டை கண்டதா?'

இல்லை. அத்தனை பீரங்கி அறையும் வைத்து, பகைவனை நோக்கி ஒருமுறைகூடச் சுடவில்லை. லூபெக்குக்குப் பெரிய அடி 1806 நவம்பர் 6இல் விழுந்தது. நெப்போலியனிடம் தோற்றுப் பின்வாங்கிய பிரஷ்யத் தளபதி ப்ளூஷர், நடுநிலை நகரமான லூபெக்குக்குள் படையோடு புகுந்துகொண்டார். துரத்திவந்த பிரெஞ்சுப் படை வடக்கே இருந்த புர்க்டோர் வாசலை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. அந்தப் பக்கம்தான் தண்ணீர் இல்லாமல் நிலத்தால் ஊரை அணுக முடியும். தெருத்தெருவாகச் சண்டை, பிறகு நாட்கணக்கில் கொள்ளை. அன்று புர்க்டோரில் புகுந்த படையின் தளபதி பெர்னடோட் பிற்பாடு சுவீடனின் அரசரானார்.

அந்தப் புர்க்டோரும் இன்றும் நிற்கிறது, 1444இல் கட்டியது. லூபெக் போனால் அங்கேயும் போங்கள். கூட்டம் இல்லை, யாரும் படம் எடுப்பதில்லை. அடி வாங்கிய வாசல் அமைதியாக இருக்கிறது, அடி வாங்காத வாசலுக்கு முன்னால் வரிசை நிற்கிறது.

பெப்ரவரி 23

உப்புக் கிடங்குகளை யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். வாசலுக்குப் பக்கத்தில் ஆற்றோரமாக நிற்கிற ஆறு செங்கல் வீடுகள், 1579 முதல் 1745 வரை கட்டியவை. லூனெபுர்க் நகரத்தில் உப்புநீரைக் காய்ச்சி எடுத்த உப்பு, 1398இல் வெட்டி முடித்த ஸ்டெக்னிட்ஸ் கால்வாய் வழியாகப் படகில் வரும், இங்கிருந்து ஸ்காண்டிநேவியாவுக்குப் போகும். அங்கே ஹெர்ரிங் மீன் பிடித்து உப்பிலிட்டு அனுப்புவார்கள். லூபெக்கின் செல்வத்தில் பெரும்பங்கு உப்பும் மீனும். கருவாட்டு மணம் தெரிந்த ஊரிலிருந்து வந்தவனுக்கு அந்தக் கிடங்குகளின் முன்னால் நிற்கும்போது விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

பெப்ரவரி 25

ஒரு வாசகர் கோபமாக எழுதியிருக்கிறார்: நீங்கள் போற்றுவது அசல் கட்டடமே அல்ல, பாதி 19ஆம் நூற்றாண்டு வேலை என்று.

அவர் சொல்வதில் உண்மை உண்டு. கோபுரத்தைச் சுற்றி இரண்டு பட்டிகளாக ஓடுகிற சுட்ட மண் தகடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அல்லிப்பூ, முள்ளிலை, பின்னல் என்று மூன்று வடிவங்கள் மாறிமாறி வரும். எட்டுத் தகட்டுக்கு ஒருமுறை ஒரு கேடயம், அதில் லூபெக்கின் கழுகு அல்லது ஒரு மரம், இரு பக்கமும் தாங்கிப் பிடிக்கும் ஆட்கள். இவற்றை 1860களில் ஏறக்குறைய முழுக்க மாற்றிவிட்டார்கள். பழைய தகடுகளில் மாதிரிக்கென்று மூன்றுதான் மிஞ்சின. மாற்றியவர்கள் சுதந்திரமும் எடுத்துக்கொண்டார்கள், கழுகு பழைய கழுகு அல்ல. நடுமுகப்பின் உச்சியும் அப்படித்தான். முதலில் எப்படி இருந்தது என்பது அப்போதே மறந்துபோயிருந்ததால் தங்களுக்குச் சரியென்று பட்டதைக் கட்டினார்கள்.

ஆனால் உடல் பழையதுதான். மூன்றரை மீட்டர்ச் சுவர் பழையது. சாய்வு பழையது. சாய்வை யாரும் போலி செய்யவில்லை.

பெப்ரவரி 26

நேற்று விட்டுப்போன ஒன்றைச் சொல்லாமல் போவது சரியில்லை. 1933-34 மராமத்தைப் பாராட்டி முன்பு எழுதினேன். யார் ஆட்சியில் நடந்தது என்பதை எழுதவில்லை. நாஜிகள் கோபுரத்தைப் பிணைத்து நிறுத்தியதோடு நிற்கவில்லை. உள்ளே 'புகழ் மண்டபம்' என்று ஓர் அருங்காட்சியகம் வைத்து, தங்களுக்கு வேண்டிய வரலாற்றைக் காட்டினார்கள். நகரத்தின் அசல் வரலாற்றுக்கான அருங்காட்சியகமாக அது மாறியது 1950இல். நடுவில் 1937இல் லூபெக்கின் எழுநூறு வருடத் தன்னாட்சியையும் அவர்களே பறித்தார்கள். 1226இல் பேரரசரிடம் பெற்ற உரிமை அது. 'லூபெக்கின் செனட்டும் மக்களும்' என்ற பொன்னெழுத்துக்கு அன்றிலிருந்து பொருள் இல்லாமல் போனது. எழுத்தைச் சுரண்டவில்லை, உரிமையைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

மார்ச் 1

தமிழில் 'கோபுரம்' என்று எழுதுவது கோயிலை நினைவூட்டுகிறது, வேறு சொல் போடுங்கள் என்று ஓர் ஆலோசனை. மாற்றமாட்டேன். நம் கோயில் கோபுரமும் வாசலின்மேல் எழுந்ததுதான். உள்ளே போகிற வழி எது என்று தூரத்திலிருந்தே காட்டுவதற்காக உயர்ந்தது. இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

மார்ச் 4

பழைய தாள் ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒன்று இருக்கிறது. முதற்சம்பளத்துத் தாள் இல்லை, அதெல்லாம் அந்த மாதமே ஊருக்குப் போய்விட்டது. இது 1990இல் லூபெக் போன அன்று பையில் இருந்தது. அதைச் செலவழிக்காமல் ரயில் டிக்கெட்டோடு மடித்து வைத்தேன்.

ஜேர்மன் மத்திய வங்கி மார்க் தாள்களை இன்றும் காலவரையறை இல்லாமல் மாற்றித்தருகிறது. 50 மார்க்குக்கு 25 யூரோ 56 சதம். மாற்றமாட்டேன்.

மார்ச் 10

நேற்று சனிக்கிழமை மகளோடு போய்வந்தேன். இந்த இழையைப் படித்துவிட்டு அவள்தான் போகலாம் என்றாள். ஐயாவின் தூக்குக் குண்டு என்னிடம் இருக்கிறது, பித்தளை, ஊரிலிருந்து உறவினர் ஒருவர் கொண்டுவந்து தந்தது. அதை எடுத்துப்போனோம்.

ஊர்ப்பக்கப் புல்வெளியில் நின்று, தெற்குக் கோபுரத்தின் விளிம்புக்கு நேராக அவள் கையை நீட்டி நூலைத் தொங்கவிட்டாள். காற்று கொஞ்சம் இருந்தது, குண்டு ஆடி நிற்கச் சிறிது நேரம் எடுத்தது. நின்றது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். கீழே விளிம்பும் நூலும் ஒட்டியிருந்தன. மேலே போகப் போக விளிம்பு நூலைவிட்டு விலகியது. கூரை தொடங்குகிற இடத்தில் நூலுக்கும் கோபுரத்துக்கும் நடுவே வானம் தெரிந்தது.

"எப்போதிருந்து அப்பா?" என்று கேட்டாள்.

"கட்டும்போதிருந்தே" என்றேன்.

நூலை அவளிடமிருந்து வாங்கி நானும் ஒருமுறை பார்த்தேன்.